என் ஜெபத்தில்தான் பலம் இல்லையா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு இனிப்புநீரால் இரண்டு கிட்னியும் போய்விட்டது. இரண்டு வருடமாக வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நான் ஜெபிக்காத நாள் இல்லை, வெள்ளிக்கிழமைகளில் உபவாசமும் இருக்கிறேன். போன மாதம் வீட்டுக்கூட்டத்துக்கு வந்த ஓர் ஊழியர், "சிஸ்டர், உங்களுக்கு விசுவாசம் குறைவு, மெஷினை நம்பிக்கொண்டிருந்தால் ஆண்டவர் எப்படிச் சுகம் கொடுப்பார்?" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவர், டயாலிசிஸை நிறுத்திப் பார்ப்போமா என்று கேட்கிறார். என் ஜெபத்தில்தான் பலம் இல்லையா?
– ஒரு சகோதரி, பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். டயாலிசிஸை நிறுத்தாதீர்கள், ஒரு தடவைகூட. கிட்னி வேலை செய்யாத உடம்பில் தண்ணீரும் பொட்டாசியமும் சேர்ந்துகொண்டே போகும். நுரையீரலில் தண்ணீர் கோத்தால் மூச்சு முட்டும், பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறினால் இதயம் திடீரென்று நின்றுவிடக்கூடும். நிறுத்திப் பார்க்கிற காரியம் இல்லை இது. இந்தப் பக்கத்தை அவரிடமே காட்டுங்கள், ஏற்கெனவே ஒரு நாள் போகாமல் விட்டிருந்தால் இப்போதே சென்டருக்குப் போன் பண்ணுங்கள்.

சரி, அந்த ஊழியர் சொன்னதற்கு வருகிறேன். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை.

எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தார். ஆண்டவர் கேட்டார், 15 வருடம் ஆயுசைக் கூட்டிக் கொடுத்தார். அந்தப் பதிலைச் சொல்ல வந்த ஏசாயாவே, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப் போடச் சொல்கிறார், இரண்டும் 2 இராஜாக்கள் 20இல் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. மருந்தைத் தொட்டால் விசுவாசம் போய்விடும் என்று அந்தத் தீர்க்கதரிசிக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த மெஷின்தான் அத்திப்பழ அடை.

"விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்ற யாக்கோபு 5ஆம் அதிகார வசனத்தையும் உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். அதற்கு முந்தின வசனத்திலிருந்து படியுங்கள். வியாதிப்பட்டவர் சபையின் மூப்பர்களைக் கூப்பிட வேண்டும், அவர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும். ஜெபிப்பது மூப்பர்கள், படுத்திருப்பவருக்குள்ள வேலை கூப்பிடுவது மட்டும்தான். அவரையும் அவர் மனைவியையும் கூட்டத்தின் நடுவில் வைத்து விசுவாசத்தை அளந்து பார்க்கச் சொல்லி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தை இன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். பேதுருவைத் தேவதூதன் சிறையிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு வந்த கதை எல்லாருக்கும் தெரியும், ஜெபத்தின் வல்லமை என்று பிரசங்கம் வந்தாலே அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில், இரண்டாம் வசனத்தில், யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொலைசெய்கிறான். பேதுருவுக்காக ஊக்கமாக ஜெபித்த சபை யாக்கோபுக்காகவும் உருகியிருக்காதா? நான் உருகியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஒருவர் சங்கிலி கழன்று வந்தார், ஒருவர் வரவில்லை. ஏன் என்று அந்தப் புத்தகத்தின் ஆசிரியர் லூக்கா எழுதவில்லை, யாக்கோபின் வீட்டாருக்கு விசுவாசம் குறைவு என்றும் எழுதவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார், ரோதை என்ற பெண் ஓடிப்போய்ச் சொல்கிறாள், உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்து நீ பிதற்றுகிறாய் என்கிறார்கள். எதைக் கேட்டார்களோ அது வாசலில் நிற்கும்போதுகூட அவர்களால் நம்ப முடியவில்லை! அவ்வளவு தடுமாறின விசுவாசத்தோடு ஏறெடுத்த ஜெபம்தான் கேட்கப்பட்டது. ஜெபத்தின் பலம் அதைக் கேட்டருளுகிற ஆண்டவரிடத்தில் இருக்கிறது, சகோதரி, அதை உங்கள் நெஞ்சுக்குள் தேடித் தேடி நீங்கள் ஏன் களைத்துப்போக வேண்டும்?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயம் இருக்கிறது. ஜூலை 26 திருவிழாவையொட்டி மெழுகுவர்த்தியோடு வருகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், கத்தோலிக்கர் மட்டுமா வருகிறார்கள்? நான் வேறு சபைதான், இருந்தாலும் பக்கத்து வீட்டு அக்காவோடு பல வருடம் போயிருக்கிறேன். சக்கர நாற்காலியில் மகனை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் ஒரு தாயை அங்கே வருடா வருடம் பார்த்தேன். பையன் வளர்ந்தான், நாற்காலி பெரிதானது, அவ்வளவுதான். அந்த அம்மாவின் ஜெபத்தில் பலம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் கணவர் புற்றுநோயில் போனவர். எனக்கும் ஒருவர் இதே வார்த்தையைச் சொன்னார், அப்புறம் ஆறு மாதம் எனக்கு ஜெபமே வரவில்லை, முழங்கால் போட்டால் அந்தக் குரல்தான் கேட்கும். அப்போது எங்கள் தெரு ஆன்ட்டி ஒருவர் சாயங்காலம் கஞ்சியோடு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பரமண்டல ஜெபத்தை மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். நான் ஆமென் சொல்வேன். சில நாள் அதுவும் சொல்லமாட்டேன். அந்த ஆறு மாதமும் நான் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று இன்றைக்கு நம்புகிறேன். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் ரோமருக்கு எழுதினது எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

சுகத்துக்காகக் கேட்பதை விடச் சொல்லவில்லை, தைரியமாகக் கேளுங்கள். அதோடு சின்னச் சின்னதாகவும் கேளுங்கள். ஊசி குத்துகிற கை வீங்காமல் இருக்க, மெஷினில் இருக்கும்போது பிரஷர் இறங்காமல் இருக்க, ஊசி போடுகிற அந்த நர்ஸுக்காக. டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளவு உண்டு, அந்தத் தாகம் பொல்லாதது, அதற்காகவும் ஜெபிக்கலாம். நாலு மணி நேரம் கூட இருக்க விடுகிறார்கள் என்றால் 13ஆம் சங்கீதத்தை அவர் காதில் படும்படி வாசியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் அது தொடங்குகிறது. அப்படிக் கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு. மாற்றுக் கிட்னிக்கு வழி இருக்கிறதா என்று டாக்டரிடமும் கேளுங்கள்.

உபவாசம் உங்களோடு இருக்கட்டும், அதுவும் உங்களுக்கு இனிப்புநீர் இல்லையென்றால் மட்டும். அவர் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூடச் சாப்பாட்டை விடக்கூடாது.

வீட்டுக்கூட்டத்தில் நடந்ததை உங்கள் பாஸ்டரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், அடுத்த வீட்டில் அந்த ஊழியர் இதையே சொல்லாமல் இருக்க வேண்டும். நீங்களும் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடிதம் முழுக்க "என் வீட்டுக்காரர்" என்றே எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயரையும், டயாலிசிஸ் எந்தெந்த நாள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். பத்திரிகையில் போடமாட்டேன், அந்த நாட்களில் அவர் பெயரைச் சொல்லி நானும் ஜெபிக்கிறேன்.