ஐஸ் உருகினால் ஊசி பழுதா?

கேள்வி: இரண்டு மாதப் பிள்ளைக்கு ஊசி போடக் கிளினிக் போனேன். மிட்வைஃப் மிஸ் ஐஸ் பேக்கைக் காதோடு வைத்துக் குலுக்கி, தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டிக்குள் அடுக்கினா. உருகின ஐஸ் போதுமா? முந்தின இரவு கரண்டும் இல்லை.
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, அவ செய்ததுதான் சரி. தடுப்பூசி இருக்கவேண்டியது 2 முதல் 8 பாகை செல்சியசில், மட்டக்களப்பு வெயிலுக்கு நாம் சூட்டைப் பற்றியே கவலைப்படுகிறோம், ஆனால் இரண்டாம் மாதம் போடுகிற பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி) ஒருமுறை உறைந்தால் பிறகு உருகினாலும் உதவாது. ஃப்ரீசரிலிருந்து நேரே எடுத்த கட்டி ஐஸ் பக்கத்தில் இருந்தால் அதை உறையவைத்துவிடும். அதனால்தான் அந்தக் குலுக்கல்.

கரண்ட் போனால் பிரிட்ஜ் கதவைத் திறக்காமல் விடுவார்கள் (நம் வீட்டில்தான் ஐந்து நிமிடத்துக்கொருமுறை திறந்து பார்ப்போம்). சூடுபட்டதா என்று குப்பியே சொல்லும். அதில் சின்ன வட்டமும் நடுவில் சதுரமும் இருக்கும், சதுரம் வெளிறியிருந்தால் போடலாம், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் எறியவேண்டியதுதான். உறைந்ததை மட்டும் அது காட்டாது. நாலாம் மாத ஊசிக்குப் போகும்போது கேளுங்கள், காட்டுவா.