மஃப்டியில் இருக்கும் போலீஸ்காரர்கள் துப்பாக்கியும் பேட்ஜும் வெளியே தெரியும்படி பொது இடத்தில் நடமாடுவது சரியா?

அமெரிக்காவில் ஒரு காபிக் கடை வரிசையில் ஜீன்ஸ் போட்ட இரண்டு பேர் இடுப்பில் துப்பாக்கியும் பேட்ஜும் தெரிய நின்றதைப் பார்த்து மிரண்டு போனதாக எழுதியிருக்கிறீர்கள். இது சரியா, நம்மூரில் இப்படி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால் பேட்ஜ் வெளியே தெரியத்தான் வேண்டும். துப்பாக்கி உள்ளேயே இருக்கலாம். நம்மூரில் இது தலைகீழாக நடந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஈரோட்டிலிருந்து பெருந்துறை போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு பேக்கரி இருக்கிறது. சில வருஷம் முன்னால் ஒரு சாயங்காலம், ஆறரை மணி இருக்கும். மில் ஷிப்ட் விட்ட நேரம், பெஞ்சு நிறைய ஆள். ஒடிசாப் பையன் ஒருவன், இருபது வயதுதான் இருக்கும், தம்பியோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. சாதா சட்டையில் மூன்று பேர் இறங்கினார்கள். ஒரு வார்த்தை பேசாமல் அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். டீ கிளாஸ் கல்லாவுக்கு முன்னால் விழுந்து உடைந்தது. தம்பி காரின் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த எங்கள் பெரியப்பா எழுந்து போய், "ஏனுங்க, ஆருங்க நீங்க? பையனை எதுக்குங்க இழுக்கறீங்க?" என்று கேட்டார். அவர்களில் ஒருவர் பதிலே சொல்லவில்லை. சட்டையின் ஓரத்தை லேசாகத் தூக்கினார். தோல் உறையில் துப்பாக்கியின் கைப்பிடி தெரிந்தது. "போதுமா?" என்றார். அவ்வளவுதான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பின்வாங்கினோம். கார் போய்விட்டது.

வந்தது போலீஸா, கடத்தல் கும்பலா என்றே எங்களுக்குத் தெரியவில்லை. 100-க்கு அடித்தோம். பக்கத்து ஸ்டேஷன்களில் விசாரித்தோம், யாருக்கும் விவரம் தெரியவில்லை. தம்பிக்காரன் ராத்திரி முழுக்க எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. "போலீஸ்? போலீஸ்?" என்று மட்டும் எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். மறுநாள் பத்து மணிக்குமேல்தான் அடுத்த மாவட்டத்து ஸ்டேஷன் ஒன்றில் அண்ணன் இருப்பது தெரிந்தது. செல்போன் திருட்டு வழக்காம். தேடிய ஆள் இவன் இல்லை என்று அன்று மாலையே விட்டுவிட்டார்கள்.

வந்தவர்கள் நிஜப் போலீஸ்தான். ஆனால் எங்களிடம் அவர்கள் காட்டிய ஒரே அடையாளம் துப்பாக்கி. துப்பாக்கி எப்படி அடையாளம் ஆகும்? திருவிழாக் கடையில் துப்பாக்கி மாதிரியே லைட்டர் விற்கிறார்கள். ரௌடியும் இடுப்பில் ஒன்றைச் செருகிக்கொண்டு வரலாம். அதைப் பார்த்தால் பயம்தான் வரும், ஆள் யார் என்று தெரியாது.

ஒட்ட வெட்டிய முடி, பிரவுன் ஷூ, மஃப்டி போலீஸைக் கண்டுபிடிக்க இது போதும் என்று நம்மூரில் சொல்வார்கள். எங்கள் ஆத்தாவும் அதை நம்பித்தான் ஏமாந்தது. கோபியில் ஒரு கல்யாணத்துக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறது. பைக்கில் வந்த இரண்டு பேருக்கும் அதே முடி, அதே ஷூ. ஒருவன் கார்டு உறையை ஒரு நொடி விரித்து மூடியிருக்கிறான். "பாட்டி, அந்தப் பக்கம் ஒரு கொலை நடந்திருக்கு, நகையை இப்படிப் போட்டுட்டுப் போறீங்களே" என்று சொல்லி, நாலு பவுன் சங்கிலியைக் கழற்றச் சொல்லி, அவனே பேப்பரில் மடித்துப் பைக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறான். கல்யாண மண்டபத்தில் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு ஜல்லிக்கல். நாங்கள் சத்தம் போட்டபோது ஆத்தா ஒன்றுதான் கேட்டது: "போலீஸ்காரங்ககிட்டப் போய், அந்தக் கார்டை இன்னொருக்காக் காட்டுங்கன்னு எப்படிக் கண்ணு கேக்கறது?"

அதைக் கேட்க முடியாமல்தான் நாலு பவுன் போனது. பெரியப்பா கேட்டும் பதில் வராமல்தான் அந்தப் பையனின் தம்பி ஒரு ராத்திரி முழுக்கத் தவித்தான். போலீஸ் மாதிரி நடித்தால் இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-வது பிரிவில் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை உண்டு. ஆனால் நிஜப் போலீஸ் பெயரைக் காட்டாமல் வந்து பழகிய ஊரில், பொய்ப் போலீஸுக்கு வேலை சுலபம்.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்கிற போலீஸ்காரர் தன் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும் என்று சொன்னது. பெயர் தெரியும் அடையாளம் வேண்டும் என்பது பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41-பி ஆனது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 36-வது பிரிவு. அரஸ்ட் மெமோ, அதாவது கைதுக் குறிப்பு, எழுத வேண்டும், குடும்பத்தார் ஒருவரோ ஊரில் மதிப்பான ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். யூனிபார்ம் போட்டால்தான் இது பொருந்தும் என்று எங்கேயும் எழுதவில்லை. மஃப்டியில் வருகிறவருக்குத்தான் இது இன்னும் அதிகம் தேவை. ஏனென்றால் காக்கிச் சட்டையில் பெயர்ப்பட்டை இருக்கிறது, தோளில் நட்சத்திரம் இருக்கிறது. அந்தச் சட்டையைக் கழற்றினால் மிச்சம் பர்ஸுக்குள் இருக்கும் ஒரு கார்டுதான்.

நீங்கள் பார்த்த அமெரிக்கர்களுக்கு வருகிறேன். அங்கே பல மாநிலங்களில் சாதாரண ஜனங்களே துப்பாக்கியை வெளியே தெரிய வைத்துக்கொண்டு நடக்கலாம். அதனால் துப்பாக்கியை மட்டும் பார்த்து ஆள் யார் என்று சொல்ல முடியாது. துப்பாக்கி தெரிந்தால் பக்கத்திலேயே பேட்ஜும் தெரிய வேண்டும் என்று பல போலீஸ் துறைகள் விதி வைத்திருப்பது அதற்காகத்தான். உங்களை மிரட்ட அவர்கள் அப்படி நிற்கவில்லை. நியூயார்க்கில் 2009 மே மாதம், டூட்டி முடிந்து சாதா உடையில் இருந்த இளம் போலீஸ்காரர் ஒருவர், தன் காரை உடைத்தவனைத் துப்பாக்கியோடு துரத்தினார். இன்னொரு போலீஸ்காரர் அவரைக் குற்றவாளி என்று நினைத்துச் சுட்டுவிட்டார். அவர் இறந்துபோனார். அடையாளம் தெரியாமல் போனால் போலீஸின் உயிருக்கே ஆபத்து. அதே ஊரில் மஃப்டியில் ரோந்து போன குற்றத் தடுப்புப் படைகளை, சுமார் 600 பேர், 2020 ஜூனில் கலைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டிலும் புகாரிலும் அவர்கள் பெயரே அதிகம் அடிபட்டது காரணம்.

அதற்காக மஃப்டியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 1998 பிப்ரவரி 14-ம் தேதி தொடர் குண்டுவெடிப்பில் 58 பேரைப் பறிகொடுத்த கோயம்புத்தூர், கூட்டத்தில் கலந்து நிற்கும் போலீஸின் அருமையை அறிந்த ஊர். பண்ணாரியம்மன் கோயில் குண்டம் திருவிழா அன்றைக்கு ஜேப்படிக்காரனைப் பிடிக்க வேண்டுமென்றால் வேட்டி கட்டிக்கொண்டு ஜனத்தோடு ஜனமாகத்தான் நிற்க முடியும். அப்போது பேட்ஜை மாட்டச் சொல்வது முட்டாள்தனம். ஆனால் ஒருவர் மேல் கை வைக்கிற அந்த நொடியில் ஒளிந்திருக்கும் வேலை முடிந்துவிட்டது. அப்புறம் கார்டு வெளியே வந்தே ஆக வேண்டும்.

உங்களிடம் அப்படி யாராவது வந்தால் மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்: "எந்த ஸ்டேஷனுங்க? உங்க பேருங்க?" கார்டைக் கையில் வாங்க வேண்டாம், நின்று படியுங்கள். சந்தேகம் இருந்தால் 112-க்கு அடித்து, இந்த இடத்தில் இந்தப் பெயரில் ஆள் வந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கூட்டிப் போகிறார்கள் என்றால் எங்கே என்று கேட்டு, வீட்டில் ஒருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. பெண்ணாக இருந்தால், பொழுது சாய்ந்த பிறகு பெண் போலீஸும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் இல்லாமல் கைது செய்யக்கூடாது. கை ஓங்கவோ தள்ளவோ வேண்டாம். நகையை மட்டும் யார் கேட்டாலும் கழற்றாதீர்கள், எந்தப் போலீஸும் அதைப் பொட்டலம் கட்டித் தரமாட்டார்.

போன வருஷம் அதே பெஞ்சில் இன்னொரு ஆளைத் தேடி ஒரு தனிப்படை வந்தது. எஸ்.ஐ. முதலில் கழுத்துப் பட்டையில் கார்டைத் தொங்கவிட்டார். பிறகு பெரியப்பாவிடம் வந்து பெயரையும் ஸ்டேஷனையும் சொன்னார், யாரை, எதற்காகக் கூட்டிப் போகிறோம் என்றும் சொன்னார். சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று கேட்டார். பெரியப்பா கண்ணாடியைப் போட்டு ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எழக்கூட இல்லை. அந்த எஸ்.ஐ. துப்பாக்கி வைத்திருந்தாரா என்று எங்கள் யாருக்கும் தெரியாது.