குவாண்டம் படிக்க ஆசைப்படும் மகளுக்கு உயர்தரத்தில் எந்தப் பிரிவு?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்துவிட்டு, குவாண்டம் கணினிதான் (அணு அளவில் நடக்கும் இயற்பியலை வைத்துக் கணக்கிடும் புதுவகைக் கணினி) படிப்பேன் என்று நிற்கிறாள், 'ஹட்டனில் இருந்துகொண்டு இதைப் படித்து எங்கே வேலை?' என்று சொந்தக்காரர் எல்லோரும் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். கேள்வி நியாயமானதுதான். இப்போதைக்கு அந்த வேலை மலையகத்தில் இல்லை.

ஆனால் இப்படியான தொழில்நுட்ப மையங்கள் எப்படி உருவாகின்றன என்று பாருங்கள். கனடாவின் வாட்டர்லூ பெரிய நகரமல்ல. பிளாக்பெரி போனை உருவாக்கிய மைக் லசாரிடிஸ் தன் சொந்தப் பணத்தைக் கொடுக்க, 2002இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் குவாண்டம் ஆய்வு நிறுவனம் தொடங்கியது. கம்பனிகள் பிறகுதான் வந்தன. சிகாகோவில் 1992இல் மூடப்பட்ட உருக்காலைக் காணியில் இப்போது குவாண்டம் தொழில்நுட்பப் பூங்கா எழுகிறது. பல்கலைக்கழகமும் ஆர்கோன், ஃபெர்மி என்ற தேசிய ஆய்வுகூடங்களும் அதற்கு வெகு காலம் முன்பே அங்கே இருந்தன. படித்த ஆட்கள் முதலில், கட்டடம் கடைசியில். நம் பக்கத்துக்கு அப்படி ஒன்று வந்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்தை ஒட்டித்தான் வரும் என்பது என் எண்ணம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, பக்கத்து நாட்டிலும் வாய்ப்புத் தேடலாம்: இந்தியா 2023இல் 6,000 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் ஒதுக்கி தேசிய குவாண்டம் திட்டத்தை அறிவித்திருக்கிறது.

இன்னொன்று, இது பௌதிகவியல் கலாநிதிகளுக்கு மட்டுமான துறை அல்ல. சிலவகைக் குவாண்டம் சிப்கள் மறை 273 பாகை செல்சியஸுக்கு மிக நெருக்கமான குளிரில்தான் வேலை செய்யும். நுவரெலியா மார்கழிக் குளிரெல்லாம் அதற்குமுன் அடுப்பங்கரை! அந்தக் குளிரூட்டியைப் பராமரிக்கவும், மின்னணுச் சுற்றுகளைச் செய்யவும், மென்பொருள் எழுதவும் ஆட்கள் வேண்டும்.

சரி, பிரிவுக்கு வருவோம். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றையும் எடுக்கட்டும். தொழில்நுட்பப் பிரிவு சுலபம் என்று யாராவது சொல்வார்கள்; அதில் படித்தால் பொறியியல் பீடத்துக்குள் போக முடியாது. குவாண்டத்துக்கு அடிப்படையான சிக்கலெண்களும் தாயங்களும் (மெட்ரிக்ஸ்) இணைந்த கணிதத்தில்தான் இருக்கின்றன. நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால், பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டக் கோட்டாவோடு அப்படியான மாவட்டங்களுக்கென ஒதுக்கும் மேலதிக 5 சதவீத இடங்களுக்கும் வாய்ப்பு உண்டு.

எனக்குள்ள ஒரே கவலை ஆசிரியர்தான். மலையகத்தில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுள்ள 1ஏபி தமிழ்ப் பாடசாலைகள் குறைவு. இருக்கும் இடத்திலும் இணைந்த கணிதத்துக்கு ஆள் இல்லாமல் போவதுண்டு. பாடசாலையின் பெயரைப் பார்த்து அனுமதி எடுக்காமல், மூன்று பாடத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடம் நேரே கேளுங்கள். தூரத்துப் பாடசாலை என்றால் விடுதி, டியூஷன் செலவையும் இப்போதே கணக்குப் போடுங்கள்.

பட்டத்துக்கு 'குவாண்டம்' என்ற பெயர் இருக்கவேண்டியதில்லை. பௌதிகவியல், கணிதம், கணினி விஞ்ஞானம், மின்பொறியியல் எதுவானாலும் போதும். மனம் மாறினாலும் வேறு வேலை கிடைக்கும். சில மாதத்தில் குவாண்டம் சான்றிதழ் தருகிறோம் என்று பெரிய கட்டணம் கேட்பவர்களிடம் காசைக் கட்டிவிடாதீர்கள். குவாண்டம் கணினிக்கு நிரல் எழுதப் பயன்படும் ஐபிஎம் நிறுவனத்தின் கிஸ்கிட் மென்பொருள் இலவசம். உயர்தர வகுப்பு தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களில் மகள் பைத்தான் நிரல்மொழி பழகி, அப்புறம் கிஸ்கிட்டில் கைவைத்துப் பார்க்கட்டும். அதற்கான பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கும், பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான்.