பூட்டிக் கிடக்குற டேவானுக்கு சாவி யாருகிட்ட இருக்கு?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க முன்ன தோட்டத்துல இருந்தவங்க, இப்ப ஒரு கம்பத்துல (கிராமத்துல) வீடு. எங்க பாலாய் ராயா, அதான் ஊர்ப் பொது மண்டபம், எப்பப் பாத்தாலும் பூட்டியே கிடக்கு, வருஷத்துல ரெண்டு மூணு தடவ யாராச்சும் ஒய்பி (மக்கள் பிரதிநிதி) வந்தாதான் தொறக்குறாங்க. "இந்தக் கட்டடம் எதுக்கும்மா"னு என் மகன் கேக்குறான், எனக்கு பதில் சொல்லத் தெரியல.
– வாசகி, நிபோங் திபால்

பதில்: தங்கச்சி, தொறந்த டேவான (பொது மண்டபத்த) உங்க மகன் பாத்ததே இல்ல, அதான் கேக்குறான். அவன்கிட்ட இதச் சொல்லுங்க.

நான் பொறந்து வளந்தது மலேசியாவுல, பினாங்கு மாநிலத்து செபெராங் பிறையில ஒரு ரப்பர் தோட்டம். தொழிலாளிங்க வரிசை வீடுங்களான லயத்துக்கு நடுவுல பலகை சுவரு, தகரக் கூரை, சிமெண்டு தரை, அவ்வளவுதான் எங்க டேவான். காலையில இருட்டோட பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போயி, பால்மரம் சீவி, பால் எடுத்து ஸ்டோர்ல கொட்டிட்டு வந்து, குளிச்சு சாப்பிட்டு எல்லாரும் ஓஞ்சு உக்கார்ற நேரத்துல, சாயங்காலம் அந்தக் கதவு தொறக்கும். ஒரு மூலையில கேரம், வாசல்ல பட்மிண்டன், உள்ள பெஞ்சுல ஒருத்தர் தமிழ் நேசன சத்தம் போட்டு வாசிப்பாரு, ஒரே ஒரு பேப்பர்தான் வரும், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிங்கல்லாம் வெத்தலைய மென்னுகிட்டே கேப்பாங்க, நடுவுல நிறுத்தி "அது எந்த ஊரு, அங்க என்ன வெல"ன்னு கேள்வியும் கேப்பாங்க. நாட்டுல டிவி வந்தது 1963 டிசம்பர்ல, ஆனா எங்க டேவானுக்கு ஒரு பெட்டி வர பல வருஷமாச்சு. வந்தப்புறம் தமிழ்ப் படம் போடுற அன்னிக்கு பாய், தலகாணியோட மொத்த லயமும் அங்கதான். தோட்டத்து ஜெனரேட்டர் நின்னா படமும் நின்னுடும், முடிவு தெரியாமலே வீட்டுக்கு நடந்து வந்துருக்கோம்.

பொழுதுபோக்கு மட்டும்னு நெனச்சிடாதீங்க. 1954-ல தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்தப்புறம் சங்கத்துக்காரங்க வந்து பேசுனது அந்த பெஞ்சுல உக்காந்துதான், சம்பளச் சீட்டுல எதுக்கு எவ்வளவு பிடிச்சிருக்காங்கன்னு எங்க அம்மா வாசிக்கக் கத்துக்கிட்டதும் அங்கதான். வெள்ளைக்காரக் கம்பெனிங்க தோட்டத்தத் துண்டு துண்டா வித்துட்டுப் போன காலத்துல, 1960-ல அன்னிக்கு மந்திரியா இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவு சங்கத்த ஆரம்பிச்சாரு, தொழிலாளிங்க மாசம் 10 வெள்ளியா (ரிங்கிட்) கட்டி பங்கு வாங்குனாங்க, அந்தக் காசுல கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டத்த வாங்குனாங்க. பத்து வெள்ளிங்கறது அன்னிக்கு சின்னக் காசு இல்ல. அதக் குடுக்கலாமா வேணாமான்னு எங்க டேவான்ல ராத்திரி ராத்திரியா பேசுனாங்கன்னு அப்பா சொல்வாரு. சந்தேகம் கேக்குறவன் எழுந்து கேப்பான், பொம்பளைங்க வாசப்படியில நின்னு கேப்பாங்க, மறுநாள் மரம் சீவுற எடத்துலயும் அதே பேச்சுதான். வீட்டுக்கு வீடு தனித்தனியா கேட்டுருந்தா பாதிப் பேரு பயந்துருப்பாங்கன்னு அப்பா நம்புனாரு. நானும் அப்படித்தான் நெனக்கிறேன்.

அந்த டேவானோட சாவி ஆயாக்கொட்டாயில பிள்ளைங்கள பாத்துக்குற ஆயா வீட்டுல ஒரு ஆணியில தொங்கும். எட்டு வயசுப் பிள்ளைக்கும் அது தெரியும். யாருக்கும் கடுதாசி எழுத வேணாம், யாரு கையெழுத்தும் வேணாம், "ஆயா, சாவி"ன்னா குடுத்துருவாங்க, ராத்திரி திரும்ப ஆணியில மாட்டணும், அவ்வளவுதான். உங்க பாலாய் ராயா சாவி எங்க இருக்குன்னு மொதல்ல விசாரிங்க. நாலு மைல் தள்ளி இருக்குற ஒருத்தர் வீட்டு டிராயர்ல இருந்தா, பிரச்சன கட்டடத்துல இல்ல.

கேள்வி: எங்க ஊர்ல கோயில் மண்டபம் பெருசா இருக்கு, கல்யாணம் காதுகுத்து எல்லாம் அங்கதான் நடக்குது. தனியா பொது மண்டபம் வேணும்னு சில பேரு கேக்குறாங்க. அது வீண் செலவுதானே?
– வாசகர், சுங்கை பாக்காப்

பதில்: இல்லீங்க ஐயா. கோயில் மண்டபத்து மேல எனக்கு மதிப்பு இருக்கு, என் கல்யாணமே அங்கதான் நடந்துச்சு. ஆனா யாருக்கெல்லாம் அந்தக் கதவு மூடியிருக்குன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சாவு விழுந்த வீட்டுக்காரங்க தீட்டுன்னு உள்ள வர மாட்டாங்க, கருமாதிச் சாப்பாட்ட அங்க போட முடியாது. மாசத்துல அந்த நாலு நாளு பொம்பளப் பிள்ளைங்க டியூஷனுக்குக்கூட வரத் தயங்குவாங்க. கறி சமைச்சு விருந்து வைக்க முடியாது. பக்கத்து வீட்டு கிறிஸ்துவக் குடும்பமும் மலாய்க்காரக் குடும்பமும் நல்லது கெட்டதுக்கு வாசல் வரைக்கும் வந்து நின்னுட்டுப் போயிருவாங்க.

இன்னொன்னும் மனசுல பட்டத சொல்றேன். பல கோயில்ல கமிட்டி சண்டை வந்தா ஊரு ரெண்டாப் பிரியுது, அப்புறம் ஒரு பக்கத்துக்காரங்க அந்த மண்டபத்துல கால் வைக்கிறதில்ல. அப்ப ரெண்டு பக்கமும் உக்காந்து பேச ஒரு பொது எடம் வேணுமா இல்லியா? தோட்டத்துல கோயிலும் இருந்துச்சு, டேவானும் இருந்துச்சு, ரெண்டையும் யாரும் ஒன்னா நெனச்சதில்ல.

கேள்வி: தோட்டத்துல டேவான் கட்டணும்னு சட்டமே இருக்குன்னு ஒரு நண்பர் சொல்றாரு. நெசமா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: ஆமா, 1990-ம் வருஷத்துல வந்த தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பத்தின குறைந்தபட்ச தரச் சட்டம், சட்டம் 446-ன்னு சொல்லுவாங்க. வீடு, தண்ணி மட்டுமில்லாம பிள்ளைங்க காப்பகம், சமூக மண்டபம், விளையாட்டு வசதி எல்லாம் அதுல வருது. ஆனா தோட்டத்த வித்து தாமானா (வீடமைப்புப் பகுதியா) மாத்துறப்ப கத வேற. நான் பாத்த எடத்துல எல்லாம் நம்ம ஆளுங்க மொதல்ல கோயிலக் கேட்டாங்க, அடுத்து தமிழ்ப்பள்ளியக் கேட்டாங்க, அப்புறம் வீட்டக் கேட்டாங்க. கேக்க வேண்டியதுதான், போராடாம அதுவும் கெடச்சிருக்காது. டேவானக் கேட்டவங்க ரொம்பக் கொறவு. எங்க தோட்டத்துலயும் கேக்கல, அந்தப் பேச்சுவார்த்தை நடக்கும்போது நானும் கூடவே இருந்தேன், எனக்கும் தோணல. அது இன்னிக்கும் மனச அறுக்குது. இப்ப எங்க ஜனங்க மலிவு விலை ஃபிளாட்டுல நாலாவது மாடி அஞ்சாவது மாடின்னு பிரிஞ்சு கிடக்காங்க. மூணு லயம் தள்ளி இருந்த தோழிய மாசத்துக்கு ஒரு தடவகூட எங்க அம்மாவால பாக்க முடியல, அவங்களுக்கு முட்டிவலி, இவங்களுக்கு லிப்டு பயம்.

உங்க பக்கம் தோட்ட நிலம் கை மாறுதுன்னா, பேச்சுவார்த்தைப் பட்டியல்ல டேவானையும் எழுத்துல சேருங்க. கீழ்த்தளத்துல, சமையல் எடத்தோட, தள்ளுவண்டி போற மாதிரி வாசலோட கேளுங்க.

கேள்வி: சரி அக்கா, சாவி கெடச்சா என்ன செய்யிறது? ஒரு வாரம் ஓடும், அப்புறம் திரும்ப பூட்டிருவாங்க.
– வாசகி, சிம்பாங் அம்பாட்

பதில்: பெரிய நிகழ்ச்சியா ஆரம்பிக்காதீங்க தங்கச்சி. பேனர், ஒலிபெருக்கி, ஒய்பிக்கு மால, இதெல்லாம் வேணாம். வாரத்துல ஒரே ஒரு நாள், ஒரே நேரம், மழை பேஞ்சாலும் ரெண்டு பேருதான் வந்தாலும் தொறக்கணும், அந்த ஒழுங்குதான் ஜனங்களுக்கு நம்பிக்கை குடுக்கும். கிராம எம்பிகேகே (கிராம நிர்வாக மன்றம்) கிட்ட ரெண்டு பொம்பளைங்க பேரக் குடுத்து, சாவி இவங்ககிட்ட இருக்கட்டும்னு எழுத்துல கேளுங்க. பொம்பளைங்கன்னு ஏன் சொல்றேன்னா அவங்க சாயங்காலம் ஊர்லயே இருப்பாங்க, யாரு வீட்டுல என்ன கஷ்டம்னு அவங்களுக்குத்தான் தெரியும். நாட்டுல நெறய பாலாய் ராயாவுல காலையில அரசாங்கத்தோட கெமாஸ் பாலர் பள்ளி நடக்குது, உங்க ஊர்லயும் கேட்டுப் பாருங்க, பிள்ளைங்க சத்தம் இருந்தாலே கட்டடம் உயிரோட இருக்கும்.

2017 நவம்பர் 4, 5-ல பினாங்குல அடிச்ச பேய்மழை ஞாபகம் இருக்கும். வெள்ளத்துல வீட்ட விட்டவங்க பள்ளிக்கூடத்துலயும் டேவான்லயும்தான் படுத்தாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு டேவான்ல ராத்திரி சாவி தேடி அலைஞ்சாங்க, ஜனங்க முட்டியளவு தண்ணியில கைக்குழந்தையோட நின்னாங்க, கடைசியில பூட்ட ஒடைச்சாங்க. உள்ள போனா வெளக்கு எரியல, கக்கூஸ்ல தண்ணி இல்ல, ஏன்னா யாரும் பல மாசமா உள்ள போனதே இல்ல. வாராவாரம் தொறந்துருந்தா எரியாத பல்பு எதுன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

எந்தக் கெழமை தொறக்குறீங்கன்னு முடிவானதும் எனக்கு எழுதுங்க. பெறை பாலம் தாண்டி வர்ற தூரந்தான், ஒரு நாள் பேப்பர் வாசிக்க நான் வர்றேன்.