தம்பி விமானப்படையில் ஹெலிகாப்டர் டெக்னீஷியன், வெளிநாட்டுப் பணிக்குப் பெயர் கொடுக்கலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான். தம்பி, ஆட்களையும் சரக்கையும் ஏற்றும் ஹெலிகாப்டர்களில் வேலை பார்க்கிறான். வெளிநாட்டில் ஒரு வருடம் இருக்கும் வாய்ப்பு வருகிறது. அம்மா வேண்டாம் என்கிறார். அங்கே வேலை எப்படி இருக்கும், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரண்டு நாளாக இந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்ல டாலர் கிடைக்கும், கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்லுங்கள்" என்கிற மாதிரியே மற்ற பதில்கள் வந்ததால் எழுதுகிறேன். எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை. உங்கள் தம்பிக்கு இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும், இப்போதுதான் கல்யாணப் பேச்சு எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் போனபோது எனக்கு முப்பத்திரண்டு. மகளுக்கு எட்டு மாதம்.

நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், அதாவது இன்ஜின் தவிர்த்த உடல்பாகங்களைச் சரிபார்த்துப் பழுது நீக்குகிறவன். 2007 நவம்பரிலிருந்து 2008 நவம்பர் வரை காங்கோவின் கிழக்கில் உள்ள கோமா நகரத்தில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்தேன். 2003 முதலே நம் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் அங்கே இருந்தன. எங்கள் எம்.ஐ-17 எல்லாம் வெள்ளைப் பெயின்ட், பக்கவாட்டில் கறுப்பில் பெரிதாக யூ.என். என்ற எழுத்து. அதற்கு முன்னால் கோயம்புத்தூர் பக்கம் சூலூர் விமானப்படைத் தளத்தில் இருந்தேன். அங்கே செய்த அதே வேலைதானே, இடம்தான் வேறு என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன்.

வேலை அதேதான். ஆனால் சூலூரில் ஒரு பொருள் தீர்ந்தால் ஸ்டோருக்கு ஆள் அனுப்புவோம், இல்லையென்றால் போன் போடுவோம். பெரிய ஓவர்ஹால் என்றால் சண்டிகர் டிப்போ இருக்கிறது. கோமாவிலிருந்து டெல்லி 6,000 கிலோமீட்டருக்கு மேல். ஒரு சின்ன ரப்பர் வளையம் இல்லையென்றாலும் அடுத்த சரக்கு விமானம் வரும்வரை மெஷின் தரையில்தான். அதனால் அங்கே கையில் இருப்பதை வைத்து, கண்ணால் பார்த்ததை வைத்து முடிவு எடுக்க வேண்டியிருக்கும். உங்கள் தம்பி பெயர் கொடுப்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். கோமா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். பக்கத்தில் நியிராகோங்கோ எரிமலை. 2002 ஜனவரியில் அது வெடித்து, குழம்பு ஊருக்குள் வந்து, விமான நிலைய ஓடுபாதையின் வடக்கு முனையை மூடிவிட்டது. நாங்கள் போனபோதும் அந்தக் கறுப்புப் பாறை அப்படியே கிடந்தது. ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் மலை உச்சியில் மேகம் சிவப்பாகத் தெரியும். உள்ளே குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். முதல் வாரம் யாரும் சரியாகத் தூங்கவில்லை, அப்புறம் பழகிவிட்டது. கீவு ஏரியில் சம்பாசா என்று ஒரு பொடி மீன் கிடைக்கும். வறுத்தால் நெத்திலி மாதிரியே இருக்கும். திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவன் கார்ப்பரலாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் அதை வறுத்து எடுத்துவந்தால்தான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை.

அந்த எரிமலைக் கல்தான் எங்களுக்கு முதல் எதிரி. அது சாதாரண மண் இல்லை, உடைந்த கண்ணாடி மாதிரி கூர்மை. மலைமேல் ஒரு திடலில் ஹெலிகாப்டர் இறங்கும்போது கீழே கிடக்கிற பொடிக்கல் எல்லாம் மேலே எழும்பும். இன்ஜின் வாயில் தூசி தடுக்கும் அமைப்பு இருக்கிறது, அதையும் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போகும், கம்ப்ரஸர் பிளேடுகளைத் தேய்க்கும். டெயில் ரோட்டர் பிளேடின் முன்விளிம்பில் கல் பட்டுச் சின்னச் சின்னப் பள்ளம் விழும். தினமும் சாயங்காலம் விரல் நுனியால் அந்த விளிம்பைத் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். வரம்புக்குள் இருந்தால் அரத்தால் தேய்த்து, எமரித்தாள் போட்டுச் சமமாக்குவோம். வரம்பைத் தாண்டினால் பிளேடை மாற்ற வேண்டும். இதில் உயரமும் சேர்ந்துகொள்ளும். காற்று மெல்லிசு, மதியம் வெயில். கீழே நாலு டன் தூக்குகிற மெஷின் அங்கே அவ்வளவு தூக்காது. இன்ஜின் பலம் கொஞ்சம் குறைந்தாலும் பைலட்டுக்கு உடனே தெரிந்துவிடும்.

சரி, நான் சொல்ல வந்த சம்பவம் இது. ஐந்தாவது மாதம், விடியற்காலை. எம்.ஐ-17-இல் இன்ஜின் மூடிகளைக் கீழ்ப்பக்கமாகத் திறந்தால் அதுவே நிற்பதற்கு மேடை ஆகிவிடும். டார்ச்சோடு அதில் ஏறி, மேலே சுழலும் பிளேடுகள் எல்லாம் வந்து சேரும் ரோட்டர் ஹப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மெஷினுக்கு ஐந்து பிளேடு. ஒவ்வொரு பிளேடுக்குள்ளும் முதுகெலும்பு மாதிரி ஓர் அலுமினியக் கலவைக் குழல் ஓடும், அதற்குள் காற்றை அழுத்தி அடைத்திருப்பார்கள். குழலில் எங்காவது விரிசல் விட்டால் காற்று வெளியேறும், அழுத்தம் குறையும், பிளேடு ஹப்போடு சேரும் முனையில் இருக்கும் ஒரு சின்ன இண்டிகேட்டரில் சிவப்பு தெரியும். சிவப்பு தெரியாமல் இருந்தால் நல்லது. அந்த ரஷ்யப் பொறியாளர்களை நினைத்து எத்தனையோ தடவை கும்பிட்டிருக்கிறேன். மைக்ராஸ்கோப் வைத்துத் தேட வேண்டிய விரிசலை, டார்ச் வைத்திருக்கிற ஒருவன் பார்க்கும்படி செய்துவிட்டார்கள்.

மூன்றாம் நம்பர் பிளேடில் சிவப்பு தெரிந்தது. முழுதாக இல்லை. நகத்தின் வெள்ளை அளவுக்கு ஒரு கோடு. டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், கார்ப்பரலை மேலே ஏறச் சொன்னேன். "அண்ணே, சிவப்புதான்" என்றான்.

அன்று அந்த மெஷின் மலைமேல் ஒரு ராணுவக் காவல்சாவடியிலிருந்து காயம்பட்ட சிப்பாய் ஒருவரைக் கொண்டுவரப் போக வேண்டும். கேப்டன் கீழே நின்றார். "இண்டிகேட்டர் கோளாறாக இருக்கலாமே? ராத்திரி குளிரில் அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கலாமே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை, குளிரில் அழுத்தம் இறங்கத்தான் செய்யும். "இருக்கலாம் சார். ஆனால் இருக்கலாம் என்பதற்கு நான் கையெழுத்துப் போட முடியாது" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார், அப்புறம் ரேடியோவை எடுத்து இன்னொரு மெஷினைக் கேட்டார். அது வேறு வேலைக்குப் போயிருந்தது. திரும்பி வந்து, எண்ணெய் நிரப்பி, மலைக்குக் கிளம்ப இரண்டு மணி நேரம் ஆனது.

அந்த இரண்டு மணி நேரம் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். மேலே ஒருவன் ரத்தம் கொட்டக் கிடக்கிறான். நான் கீழே சோப்புத் தண்ணீரும் பிரஷுமாக நிற்கிறேன். பிளேடு முழுவதையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். இண்டிகேட்டர் மூட்டில் சோப்பு தடவினேன், ஒன்றும் இல்லை. காற்று ஏற்றும் வால்வில் தடவினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கடுகு அளவுக்கு ஒரு குமிழி வந்தது. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று வந்தது. கசிவு வால்வில்தான், குழலில் விரிசல் இல்லை. எங்கள் வாரண்ட் ஆபீசர், பஞ்சாப்காரர், வாய்விட்டு மூச்சு விட்டார். வளையத்தை மாற்றி, தெர்மாமீட்டரைப் பார்த்து, அட்டவணைப்படி அந்த வெப்பத்துக்கு எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு காற்று ஏற்றி, நாலு மணி நேரம் காத்திருந்தோம். சிவப்பு திரும்ப வரவில்லை. அதற்கு அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் சிப்பாய் உயிரோடு வந்து சேர்ந்தார். கோமாவில் நம் ராணுவ டாக்டர்கள் நடத்திய மருத்துவமனையில் சேர்த்தார்கள். சாயங்காலம் கார்ப்பரல் போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னான். அதுவரைக்கும் நான் சாப்பிடவில்லை.

இதைப் படித்துவிட்டுச் சிலர் சொல்வார்கள், தெரியும். "கடைசியில் வால்வுதானே, சும்மா இரண்டு மணி நேரம் தாமதம் பண்ணிவிட்டாய்" என்று அன்றே ஒருவர் என் காதுபடச் சொன்னார். வால்வுதான் என்று காலை ஆறு மணிக்கு யாருக்கும் தெரியாது. அந்த மெஷினில் ஏறுகிறவர்களுக்கும் வீடு இருக்கிறது. நான் மட்டும்தான் ஒழுங்கு என்றும் சொல்லவில்லை, எங்கள் செக்ஷனில் யார் அந்தச் சிவப்பைப் பார்த்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். சீனியர்கள் எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள். 2000 ஜூலையில் சியரா லியோனில், கைலாஹுனில் முற்றுகையில் மாட்டியிருந்த நம் படையினரை மீட்டபோது அங்கே பறந்த ஹெலிகாப்டர்களுக்கும் இப்படி ஒருவர் மழையில் நின்று கையெழுத்துப் போட்டிருப்பார். பைலட்டுகளின் வீரம் பெரிது, நான் குறைத்துச் சொல்லவில்லை. ஃபிட்டரின் பெயரை யாரும் கேட்பதில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இங்கே நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. இருபது வருடம் முடித்து வெளியே வந்தேன். ஒரு பெரிய கம்பெனியில் இன்டர்வியூ. என் வேலையை அரை மணி நேரம் விளக்கினேன். கியர்பாக்ஸ் எண்ணெயில் வரும் உலோகத் தூளைப் பார்த்து எந்தப் பாகம் தேய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்போம் என்றுகூடச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "எக்ஸ் சர்வீஸ்மேன்தானே, கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் இடம் காலியாக இருக்கிறது" என்றார்கள். செக்யூரிட்டி வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை, என் கூட இருந்தவர்கள் பலர் அதைக் கௌரவமாகச் செய்கிறார்கள். ஆனால் பத்தொன்பது வயதில் தாம்பரத்தில் ஸ்பேனர் பிடிக்கக் கற்றதிலிருந்து சேர்த்துவைத்த கைவேலையை ஒரு ஆள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது கோயம்புத்தூரில் ஒரு பம்ப் பட்டறையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். முதலாளி பத்தாவது படித்தவர், என் கையைப் பார்த்தே வேலை கொடுத்தார். உங்கள் தம்பி அங்கே இருக்கும் ஒரு வருடத்தில் சாயங்கால நேரத்தை வீணாக்காமல் ஏதாவது பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்கள். நான் படிக்கவில்லை.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். ஆபத்தே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 2008 ஏப்ரல் 15 அன்று ஒரு பயணிகள் விமானம் அந்த ஓடுபாதையில் மேலே எழும்ப முடியாமல் முனையைத் தாண்டி மக்கள் நெருக்கமாக இருக்கும் பகுதிக்குள் பாய்ந்து எரிந்தது. தரையில் இருந்தவர்களே நிறையப் பேர் இறந்தார்கள். அந்தப் புகையை ஹேங்கரிலிருந்து பார்த்தோம். அக்டோபர் கடைசியில் கிளர்ச்சிப்படை கோமாவின் விளிம்பு வரை வந்துவிட்டது. வீட்டுக்கு போன் போட்டால் அம்மாவிடம் இதை எதையும் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்று மட்டும் சொல்வேன். நிஜமாகவே பெய்துகொண்டுதான் இருந்தது. மகள் அந்த வருடத்தில் நடக்கக் கற்றாள். திரும்பி வந்தபோது என்னைப் பார்த்து அழுதாள், பதினைந்து நாள் பக்கத்தில் வரவில்லை. கிடைத்த பணத்தில் வீட்டுக்கு மாடி கட்டினேன். அதையும் மறைக்கவில்லை.

இதையெல்லாம் தாண்டி, பெயர் கொடுக்கச் சொல்லுங்கள் என்றுதான் சொல்வேன். இருபது வருடத்தில் நான் கற்றதில் பாதி அந்த ஒரு வருடத்தில் கற்றது.

காங்கோ போன்ற நாடு என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் மலேரியா மாத்திரையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இரண்டு விஷயம் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நெற்றியில் கட்டும் டார்ச் நல்லதாக இரண்டு வாங்கிக் கொடுங்கள், ஒன்று கட்டாயம் கெட்டுப்போகும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் பல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எனக்குக் கடைவாய்ப்பல் வலி வந்து, ஒன்பது நாள் கஞ்சி குடித்துக்கொண்டு ரோட்டர் ஹப்பில் ஏறியிருக்கிறேன்.