எஸ்டிபியில் பாக்டீரியா செத்துவிட்டதா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் எஸ்டிபியில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஏரேஷன் தொட்டி, அதாவது காற்றூதி பாக்டீரியாவை வளர்க்கும் தொட்டி, 50 கன மீட்டர். "பாக்டீரியா செத்துப்போச்சு, மாசம் 5 கிலோ கல்ச்சர் பவுடர் (பாக்டீரியா கலந்த பொடி) போடணும்" என்கிறார் பராமரிப்பு ஒப்பந்ததாரர். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சிலிண்டரில் கசடு படிவதைக் காட்டித்தான் அப்படிச் சொன்னாரா? செத்த கசடும் படியும், உயிருள்ளதும் படியும். ஆனால் உயிருள்ளதுதான் ஆக்சிஜனை இழுக்கும். எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று அளந்தால் போதும்.

டிஓ மீட்டர் (நீரில் கரைந்த ஆக்சிஜனை லிட்டருக்கு இத்தனை மி.கி. என்று காட்டுவது), 300 மில்லி பிஓடி பாட்டில் (கழிவைத் தின்ன பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற பிஓடி சோதனைக்கான பாட்டில்), காந்தக் கலக்கி வேண்டும். தொட்டி நீரை வாளியில் எடுத்து, மீன்தொட்டிப் பம்பால் காற்றூதி டிஓவை 6-க்கு ஏற்றுங்கள். பாட்டிலில் குமிழியில்லாமல் வழிய நிரப்பி, புரோபைச் செருகி, கலக்கியை ஓடவிட்டு நிமிடத்துக்கொரு முறை குறியுங்கள். டிஓ 2-ஐத் தொடும்போது நிறுத்திவிடலாம். 30 டிகிரி தண்ணீரில் 7.5-க்கு மேல் ஆக்சிஜன் கரையாது. மீட்டர் 9 காட்டினால் கோளாறு மீட்டரில்தான்.

10 நிமிடத்தில் டிஓ 6-லிருந்து 3.5-க்கு இறங்கினால், இழுக்கும் வேகம் லிட்டருக்கு மணிக்கு 15 மி.கி. இது குறைவாக வந்தாலும் சாவு என்று முடிவுகட்டாதீர்கள், பட்டினியாக இருக்கலாம். அடுத்து 270 மில்லி தொட்டி நீரோடு 30 மில்லி புதுக் கழிவுநீர் கலந்து, மறுபடி காற்றூதி அளவெடுங்கள். வேகம் கூடினால் பாக்டீரியா நலம். நீர்த்ததால் மட்டுமே 15 என்பது 13.5 ஆகும், அதைவிட நன்றாக இறங்கினால் பிளீச்சிங் பவுடர், கழிப்பறை ஆசிட் போன்ற ஏதோவொரு நஞ்சு உள்ளே போகிறது. அதை நிறுத்தாமல் போடும் கல்ச்சரும் சாகும்.

உங்களுடையது எம்பிபிஆர் (தொட்டிக்குள் மிதக்கும் பிளாஸ்டிக் துண்டுகளில் பாக்டீரியா வளரும் வகை) என்றால் மேலே சொன்னது செல்லாது. அங்கே பாக்டீரியா நீரில் குறைவு, மீடியா எனப்படும் அந்தப் பிளாஸ்டிக் துண்டுகளில்தான் ஒட்டியிருக்கும். மீடியா பிஓடி பாட்டில் கழுத்தில் நுழையாது. மூடியில் புரோபுக்குத் துளையிட்ட அகலவாய் ஜாடியில் மூன்றிலொரு பங்கு மீடியா போட்டு, தொட்டி நீரால் விளிம்புவரை நிரப்புங்கள். மீடியாவோடு ஒரு முறை, வெறும் தொட்டி நீரோடு ஒரு முறை. வித்தியாசம்தான் மீடியாவின் பங்கு. மீடியாவைக் கழுவிவிடாதீர்கள், வழவழப்பாக ஒட்டியிருப்பதுதான் சரக்கே.

இனி பவுடர் கணக்கு. எம்எல்எஸ்எஸ் (ஒரு லிட்டர் தொட்டி நீரில் மிதக்கும் கசடு, மி.கி.யில்) 3500 என்றால் உங்கள் தொட்டியில் ஏற்கெனவே 175 கிலோ கசடு. அதில் 5 கிலோ என்ன செய்யும்? பல பவுடர்களில் பெரும்பகுதி தவிடு. அறிக்கைக்கோ பிஓடி எண் இருந்தால் போதும், அது வரவே 3 நாள். 20 நிமிடச் சோதனையைக் கேட்க ஆளில்லை.

மாதிரியை லேப்புக்கு அனுப்பி மறுநாள் அளக்கச் சொல்லாதீர்கள், அதற்குள் எண் மாறிவிடும். தொட்டி அருகிலேயே, ஒப்பந்ததாரரை நிற்கவைத்து, பில்லில் கையெழுத்திடும் முன் செய்யுங்கள்.