வெள்ளவத்தைக்கு மேலாகப் பறந்து வேலைக்குப் போகலாமா?

கேள்வி: தெஹிவளையிலிருந்து கோட்டைக்குப் போகவே தினமும் ஒன்றரை மணித்தியாலம் ஆகிறது. ஒருவர் உட்கார்ந்து பறக்கும் மின்சார வாகனங்கள் விற்பனைக்கு வந்துவிட்டனவாம். கொழும்பில் இது பாதுகாப்பா, ஒத்துவருமா?

நீங்கள் பார்த்தது அநேகமாக ஜெட்சன் வன் என்ற ஒற்றை ஆள் பறக்கும் வாகனத்தின் வீடியோவாக இருக்கும். விலை ஒரு இலட்சம் டொலருக்கு மேல். காசை விடுங்கள், நான் சொல்ல வந்தது வேறு.

நான் பைலட்டும் இல்லை, எஞ்சினியரும் இல்லை. 9 வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன், அதில் 6 வருடமாக ட்ரோனும் பறக்கவிடுகிறேன். உன் ட்ரோனுக்கும் பறக்கும் வாகனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது வருவார்கள். இரண்டையும் மேலே வைத்திருப்பது ஒரே சங்கதிதான்: பற்றரி, மோட்டார், சின்னச் சின்ன விசிறிகள். விமானத்தில் எஞ்சின் நின்றால் இறக்கை கொஞ்ச தூரம் மிதக்கவிடும். ஹெலிகொப்டரில் நின்றால், இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றே பெரிய விசிறியைச் சுழற்றும், பழகிய பைலட் அதை வைத்தே தரையிறக்கிவிடுவார். இந்தச் சின்ன விசிறிகளுக்கு அந்தப் பலம் கிடையாது. கரண்ட் நின்றால் கல் மாதிரித்தான் விழும்.

விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன், வெள்ளவத்தையில் ஒரு மண்டபம். மாப்பிள்ளையின் கார் வந்து நிற்கிறது, மேளம் தொடங்கிவிட்டது, நான் மொட்டைமாடியில் நின்று ட்ரோனை 40 மீற்றர் வரை ஏற்றினேன். பதிவு, அனுமதி எல்லாம் எடுத்துத்தான் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கடல் காற்று கொஞ்சம் பலம், ஆனால் அதைவிடப் பலமான காற்றிலும் விட்டிருக்கிறேன். திடீரென்று சத்தம் மாறியது. ஒரு விசிறி முறிந்துவிட்டது. நாலில் ஒன்று போனால் சமநிலை போய்விடும், புரண்டு நேரே கீழே. மிஞ்சிப்போனால் 3 செக்கன். ரிமோட் கையில் இருக்கிறது, செய்ய ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு அஸ்பெஸ்டஸ் சீற்றை உடைத்துக்கொண்டு குசினிக்குள் விழுந்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பில் சொதிச் சட்டி, சொதிக்கு மேலே சாம்பல் நிறத்தில் சீற்றுத் தூள், நிலத்தில் ட்ரோன், ஒரு விசிறி மட்டும் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மம்மா அப்போதுதான் எதையோ எடுக்க முன்னறைக்குப் போயிருக்கிறார். ஏசப்போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் கேட்டது, “தம்பி, இதுக்குள்ள ஆரும் இருந்தவையோ?”

இல்லையம்மா என்று சொல்வதற்குள் எனக்குக் குரல் அடைத்துவிட்டது.

பிறகு மோட்டாரில் மிஞ்சியிருந்த விசிறித் துண்டைக் கழற்றிப் பார்த்தேன். முறிந்த இடத்தில் பாதி வெள்ளையாக இருந்தது, மறுபாதியில் அழுக்கு ஏறியிருந்தது. அதாவது அந்த வெடிப்பு பல நாளாக இருந்திருக்கிறது, காலையில் நகத்தால் ஒருமுறை தடவியிருந்தால் தெரிந்திருக்கும். என் பிழைதான், மறைக்கவில்லை. சீற்றுக்கு நான்தான் காசு கொடுத்தேன். கல்யாண வீட்டார் மிச்சக் காசைத் தரவில்லை, மேலிருந்து எடுத்த காட்சி இல்லையாம். இரண்டு கமெராவோடு இரவு பன்னிரண்டு வரை நின்று எடுத்ததற்குக் கணக்கே இல்லை. இப்போதும் “ட்ரோன் சும்மா போட்டுத் தாங்கோ அண்ணை” என்று கேட்கிறார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். சரி, அதை விடுவோம்.

அந்த ட்ரோன் ஒரு கிலோகூட இல்லை. நீங்கள் கேட்பது ஆளோடு சேர்த்து 200 கிலோ வரும். ஜெட்சனில் 8 மோட்டார், மோட்டாரைத் தாங்கும் ஒவ்வொரு கையிலும் மேலும் கீழுமாக இரண்டு, ஒன்று நின்றாலும் மற்றது தாங்கும், பரசூட்டும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் பரசூட் விரிய உயரம் வேண்டும், ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த உயரம் இருக்காது. 2025 செப்டெம்பரில் சீனாவின் சாங்சுனில் ஒத்திகையின்போது எக்ஸ்பெங் கொம்பனியின் இரண்டு பறக்கும் வாகனங்கள் நடுவானில் மோதின, ஒன்று தரையில் தீப்பிடித்தது. பயிற்சி எடுத்தவர்கள், திட்டமிட்ட பறப்பு, அப்படியும் நடந்தது.

அமெரிக்காவில் இதற்கு லைசன்ஸே வேண்டாம் என்று வீடியோவில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 1982இல் வந்த அந்த விதியின் மீதியைச் சொல்ல மாட்டார்கள். ஒருவர் மட்டும், வெற்று எடை சுமார் 115 கிலோவுக்குள், பகலில் மட்டும், சனநெரிசலான ஊருக்கு மேலே பறக்கவே கூடாது. விழுந்தாலும் கீழே யாரும் இல்லை என்ற நம்பிக்கையில்தான் லைசன்ஸ் இல்லாமல் விடுகிறார்கள். தெஹிவளைக்கும் கோட்டைக்கும் நடுவே ஆளில்லாத ஒரு துண்டு நிலம் காட்டுங்கள் பார்ப்போம்.

கடலுக்கு மேலே போகலாமே என்பீர்கள். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று. காலையில் உங்களைக் கோட்டைக்குத் தள்ளிவிடும், மாலையில் முகத்துக்கு எதிரே நிற்கும். கடலுக்கு மேல் ட்ரோன் விட்டவனுக்குத் தெரியும், திரும்பி வரும்போது பற்றரி எப்படிக் கரையும் என்று. ஒரு கிலோ பெற்றோலில் இருக்கும் சக்தி ஒரு கிலோ லித்தியம் பற்றரியில் இருப்பதைப்போல் 40 மடங்குக்கு மேல். அதனால்தான் ஜெட்சன் 20 நிமிடம்தான் பறக்கும், ஓட்டுபவரும் 95 கிலோவுக்குள் இருக்கவேண்டும். உங்கள் தூரத்துக்கு 20 நிமிடம் தாராளம், ஒத்துக்கொள்கிறேன். எங்கே இறக்குவீர்கள்? கோட்டையில் ஜனாதிபதி செயலகம், மத்திய வங்கி, துறைமுகம். இந்தப் பக்கம் தெஹிவளையைத் தாண்டினால் இரத்மலானை விமான நிலையம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ட்ரோன்களையே நிறுத்தி வைத்த ஊர் இது.

நான் புதுச் சாமானுக்கு எதிரி இல்லை. சீனாவின் ஈஹாங் கொம்பனி 2023 ஒக்டோபரில் ஓட்டுநர் இல்லாத பறக்கும் வாகனத்துக்கு அரசின் சான்றிதழே வாங்கிவிட்டது. அது குறித்த இடத்தில் ஏறி, குறித்த இடத்தில் இறங்குவது, தரையிலிருந்து ஆட்கள் கண்காணிப்பார்கள். அது வேறு, நீங்கள் மொட்டைமாடியில் கட்டிவைத்து ஓட்ட நினைப்பது வேறு. இப்படிப் பறக்கும் வாகனம் செய்த ஜெர்மனியின் லிலியம், வொலொகொப்டர் கொம்பனிகள் இரண்டும் 2024இலேயே கடனைக் கட்ட முடியாமல் நீதிமன்றம் போயின. கொம்பனி மூடினால் உங்கள் விசிறிக்கு மாற்று விசிறி யார் தருவார்?

கோட்டையில் வேலை இருக்கும் நாட்களில் நான் கமெராப் பையோடு கரையோர ரயிலில்தான் போகிறேன். காலையில் சனம் நெரியும், கதவடியில் மட்டும் தொங்காதீர்கள். தெஹிவளையில் ஏறினால் அநேகமாக அரை மணித்தியாலத்துக்குள் கோட்டையில் இறங்கிவிடலாம்.